ஆறு பதினெட்டு வண்டி

அத்தியாயம் 3

திருடன் என்று சந்தேகப்பட்ட ஆளையே கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருந்தார் சம்பத். மாற்று ஆள் கிடைக்கவில்லையாம்.

துலுக்கானம் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தான். பெயர் முனியன். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். காக்கிச் சட்டையின் கழுத்துப் பித்தானைக்கூட விடாமல் போட்டிருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த தடம் இருந்தது, கண்ணாடியைக் காணோம். வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ள முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார்.

"துப்பறியறவங்களா? போங்கம்மா, ஐயா ஆபீஸ்ல கீறாரு" என்றார். அப்புறம், யாரும் கேட்காமலேயே, "நான் எடுக்கல" என்றும் சொன்னார்.

ஞானகுமாரி தலையை அசைத்துவிட்டு உள்ளே நடந்தார். ஆவடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர் அவர். வேலையை விட்டதும், அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்தார். நிலையத்துக்கு ஊழியர் ஒருவர், வாகனம் ஒன்று. அந்த ஊழியரும், அந்த வாகனத்தை ஓட்டுகிறவரும் துலுக்கானம்தான். அதனால் சம்பளத்தை ஒரே தடவையில் கொடுத்துவிடுவது வழக்கம்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கிற சம்பத்தின் கம்பெனி மோட்டாருக்குச் சுற்றுகிற செப்புக் கம்பி செய்கிறது. தினம் சாயங்காலம் ஒரு வாடகை வேன் வந்து, கம்பி உருளைகளை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி கோடவுனுக்குப் போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொய்ச் சீட்டோடு ஒரு வேன் வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. அன்றோடு மனுஷாளை நம்புவதை விட்டுவிட்டதாகச் சம்பத் சொன்னார். இப்போது அவர் நம்புவது இரண்டு வாக்கி டாக்கியையும் ஒரு சின்னப் புத்தகத்தையும்தான்.

ஒரு செட் கேட்டில் இருக்கும். இன்னொன்று, வேனோடு துணைக்குப் போகிற மணவாளனிடம் இருக்கும். வேன் வெளியே வந்து நின்றதும் கேட்டைத் திறக்கக் கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது. செட்டில் கேள்வி கேட்க வேண்டும். செட்டில் வருகிற குரல் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி பொரியும், யார் குரல் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அதற்குத்தான் புத்தகம். ஸ்டேஷன் கடையில் விற்கிற எலக்ட்ரிக் ரயில் அட்டவணை. கேட்டில் ஒரு பிரதி, மணவாளன் பையில் ஒரு பிரதி. "ஆவடி, சாயங்காலம், ஐந்தாவது வண்டி" என்று கேட் கேட்கும். மணவாளன் பக்கத்தைப் புரட்டி, மணியையும் நிமிஷத்தையும் சொல்ல வேண்டும். தினம் வேறு ஸ்டேஷன், வேறு வண்டி. ஒருநாள் கேட்ட பதிலை வைத்துக்கொண்டு மறுநாள் எவனும் ஏமாற்ற முடியாது.

"இந்த ரெண்டு செட்டும் ஒண்ணையொண்ணு அடையாளம் கண்டுக்கும், மேடம். நடுவுல எவனும் புக முடியாது" என்று சொல்லி, சம்பத் இரண்டையும் மேஜைமேல் அருகருகே வைத்து ஒன்றின் பொத்தானை அழுத்திக் காட்டினார். அறையே அதிரும்படி ஓர் ஊளை கிளம்பியது. ஞானகுமாரி காதைப் பொத்திக்கொண்டார்.

"அடையாளம் கண்டுக்கிச்சு சார், நல்லா தெரியுது" என்றான் துலுக்கானம்.

செட் இரண்டும் நாலைந்து அடிக்குள் இருந்தால் அப்படித்தான் கத்தும், தள்ளிப் போனால் அடங்கிவிடும் என்று சம்பத் கொஞ்சம் வருத்தத்தோடு விளக்கினார்.

இனி செவ்வாய்க்கிழமை நடந்தது. ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டு எல்லாரும் போய்விட்டார்கள். உருளைகள் தள்ளுவண்டியில் தயாராக இருந்தன. ஐந்து நாற்பதுக்கு ஒரு வேன் வந்தது. முனியன் கேட்டார், செட் பதில் சொன்னது, கேட் திறந்தது. வேனோடு வந்த கூலியாட்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். முன் சீட்டில் மப்ளர் சுற்றிய ஓர் ஆள், கையில் செட்டோடு, இறங்காமலே உட்கார்ந்திருந்தான். ஐந்து ஐம்பத்தைந்துக்கு மணவாளன் இன்னொரு வேனில் வந்து கேட்டைத் திற என்றான். தள்ளுவண்டி காலியாக இருந்தது.

"அப்ப மொதல்ல வந்தது யாருன்னு இவன் கேட்டா, அந்த முனியன் என்ன சொன்னான் தெரியுமா? 'நீதானே வந்தே'ன்னு இவங்கிட்டயே சொல்றான்" என்றார் சம்பத்.

இவன் என்றது, சுவரோரம் அடக்கமாக நின்றிருந்த மணவாளனை. முப்பது வயசு, படிய வாரிய தலை. பூந்தமல்லியில் வீடு, பஸ்ஸில்தான் வருகிறான், ரயில் பக்கமே போனதில்லை என்றெல்லாம் சம்பத்தே சொல்லிவிட்டார். மணவாளன் ஆமாம் என்று தலையாட்டும் வேலையை மட்டும் பார்த்தான்.

முனியன்தான் கள்ளனுக்கு உள்கை என்று சம்பத் முடிவு கட்டியிருந்தார். புகாரை டைப் அடித்து முனியன் பெயரையும் போட்டு வைத்திருந்தார். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் போலீஸில் கொடுப்பதாக உத்தேசம். சாமான் எங்கே என்று அதற்குள் முனியன் வாயிலிருந்து வாங்கிக் கொடுத்தால் போதும். துப்பறியவெல்லாம் வேண்டாம்.

ஞானகுமாரி கேட் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பிரித்தார். செவ்வாய்க்கிழமைப் பதிவு மட்டும் கொட்டை கொட்டையாக இருந்தது. உரக்கப் படித்தார்.

"கேள்வி: திருநின்றவூர், காலை, மூன்றாவது வண்டி. பதில்: ஆறு பதினெட்டு. சரி."

சம்பத் தம் மேஜைமேல் கிடந்த அட்டவணையை எடுத்துப் புரட்டினார். துலுக்கானம் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். மணவாளன் கையிலும் ஒரு புத்தகம் இருந்தது. அது மூடியே இருந்தது.

அட்டவணையில் திருநின்றவூரின் மூன்றாவது வண்டி ஆறு பதினொன்று.

சம்பத் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பதில் தப்பு, தப்பான பதிலுக்கு முனியன் கேட்டைத் திறந்திருக்கிறான், இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மணவாளனாக இருந்தால் புத்தகத்தைப் பார்த்து ஆறு பதினொன்று என்று அச்சுப் பிசகாமல் சொல்லியிருப்பான். நாலு வருஷத்தில் ஒரு நிமிஷம் தப்பியதில்லை. உடனே ஒரு தாளை எடுத்து, 'சரியான பதில் சொல்லாத யாருக்கும் கேட் திறக்கக் கூடாது. நான் உள்பட' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கேட்டில் ஒட்டச் சொன்னார்.

"ஒரு மணி நேரத்துல கேஸை முடிச்சிட்டோம்க்கா" என்று படியிறங்கும்போது துலுக்கானம் சொன்னான். "பாவம் அந்த நைனா. நாம வராமலே இருந்திருந்தா அரைத் திருடனாவாவது இருந்திருப்பாரு."

ஞானகுமாரி ஆட்டோ பக்கம் திரும்பவில்லை. நேராகக் கேட்டுக்குப் போய் முனியன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முனியன் மறைக்கிற ஆள் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் கேட்டின் குறுக்குக் கம்பி நழுவி விழுந்து கண்ணாடி உடைந்தது. எல்லாரும் பார்க்கத்தான் உடைந்தது. ஆவடிக் கடையில் கொடுத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை தருவார்கள். கண்ணாடி இல்லாமல் அட்டவணையின் பொடி எழுத்து தெரியாது. அதை ஐயாவிடம் சொன்னால் வயசாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயம். அதனால் செவ்வாய்க்கிழமை புத்தகத்தைத் திறக்காமல், தமக்கு மனப்பாடமான ஒரே வண்டியைக் கேட்டுவிட்டார். திருநின்றவூரில்தான் அவருக்கு வீடு.

"ஆறு பதினெட்டுதாம்மா. பதினோரு வருசமா அதுலதான் ஏறிக்கினு கீறேன்."

"புத்தகத்துல ஆறு பதினொண்ணுன்னு போட்டிருக்கே?"

"புத்தகமா வந்து ஏறுது?"

முந்தின ஸ்டேஷனில் ஓர் எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டுவிட்டுத்தான் அந்த வண்டி கிளம்புமாம். தினமும் ஏழு நிமிஷம். கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

"செட்டுல ஆறு பதினொண்ணுன்னு சொல்லியிருந்தா?"

முனியன் யோசிக்கவே இல்லை. "தொறந்திருக்க மாட்டேன். தப்பாச்சே."

துலுக்கானம் தலையைச் சொறிந்தான். அதாவது, செவ்வாய்க்கிழமை ஒழுங்காகப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற யோக்கியன் எவன் வந்திருந்தாலும் வெளியேதான் நின்றிருப்பான். கேட் திறக்கக்கூடிய ஆள் ஊரிலேயே திருடன் ஒருத்தன்தான்.

முனியன் குரல் இறங்கிவிட்டது. "போலீஸ்ல பேரை எய்திட்டா எஸ்டேட்ல எந்த கேட்லயும் நிக்க உடமாட்டாங்கம்மா. எனக்கு கேட்டை உட்டா வேற ஒண்ணும் தெரியாது. ஊட்ல இன்னும் சொல்லல. அவ சோறு கட்டிக் குடுக்கறா, நானும் வாங்கினு வந்துடறேன்."

அந்தச் சோற்று டப்பா ஸ்டூலடியில் இருந்தது. மணி மூன்றாகியும் திறக்கப்படவில்லை. ஞானகுமாரி அதை எடுத்து அவர் மடியில் வைத்து, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நல்ல துப்பறிகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.

பிறகு திரும்பவும் ஆபீஸுக்குப் போய் இரண்டு காரியம் செய்தார். கேட்டுச் செட்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினார். மணவாளனிடம், திருடனிடம் மூன்றாவதாக ஒரு செட் இருக்கலாம், அதன் பேச்சு எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்க்க வேண்டும், நாளைக் காலை ஆறு மணியிலிருந்து ஆறரைக்குள் கேட்டிலிருந்து கூப்பிடுவேன், எங்கே இருந்தாலும் செட்டை அணைக்காமல் வைத்திருங்கள் என்றார். மணவாளன் மிக அடக்கமாகச் சரி என்றான்.

ஆட்டோவில் துலுக்கானம் கணக்குப் போட்டான். ஆறு பதினெட்டு என்று சொன்னவன் தினமும் அந்த வண்டியில் போகிறவன். "சந்தேக லிஸ்டு ஒம்போது பொட்டி நீளம்க்கா. லேடீஸ் பொட்டியை வேணா கழிச்சிக்கலாம்."

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு ஆட்டோ எடு" என்றார் ஞானகுமாரி.

"அம்பத்தூர் கேட்டுக்கா?"

"திருநின்றவூருக்கு."

மார்கழிப் பனியில் திருநின்றவூர் பிளாட்பாரம் பாதிதான் தெரிந்தது. மணி ஆறு பதினொன்று. புத்தகப்படி வண்டி வந்திருக்க வேண்டும். அப்போது பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஞானகுமாரி, துலுக்கானம், ஒரு நாய். நாயும் அவசரமாக இருப்பதாகத் தெரியவில்லை.

ஆறு பதின்மூன்றுக்கு முதல் ஆள் வந்தார். பதினாலில் பத்துப் பேர். பதினைந்தில் பிளாட்பாரம் நிறைந்துவிட்டது. யாரும் ஓடவில்லை, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் மப்ளரும் துண்டும் குரங்குக் குல்லாவுமாக இருந்தது. இதில் யார் எவர் என்று அவரவர் பெண்டாட்டிக்கே தெரியாது. முன் பக்கம் முனியன் ஒரு தூணைத் தடவிப் பார்த்துத் தம் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டார்.

ஞானகுமாரியின் பிளாஸ்டிக் கூடையில், துண்டுக்கு அடியில் செட் இருந்தது. கூடையை முகத்துக்கு அருகே தூக்கிப் பொத்தானை அழுத்தினார்.

"மணவாளன், ஞானகுமாரி பேசறேன். கேக்குதா?"

கொஞ்சம் பொரிந்துவிட்டுப் பதில் வந்தது. "கேக்குதும்மா. நல்லாவே கேக்குது." அவனுக்கே ஆச்சரியமாக இருந்ததுபோல் தெரிந்தது.

"எங்கே இருக்கீங்க?"

"பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுலம்மா. பஸ்ஸுக்கு நிக்கறேன்."

குரலுக்குப் பின்னால் யாரோ டீ, டீ என்று கூவுவது கூடைக்குள் கேட்டது. அதே கூவல் துலுக்கானத்தின் வலது காதிலும் கேட்டது. தூக்குச் சட்டியோடு டீக்காரர் பிளாட்பாரத்தின் கடைசிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். துலுக்கானம் வாயைத் திறந்தான். ஞானகுமாரி அவன் காலை மிதித்தார், அவன் மூடிக்கொண்டான்.

டீக்காரர் போன திசையில் இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள். நடந்துகொண்டே ஞானகுமாரி ஊர்ப்பட்ட விசாரிப்பெல்லாம் விசாரித்தார். பஸ் கூட்டமா? கூட்டம்தாம்மா. பனி இருக்கா? இருக்கும்மா, ஆள் தெரியலை. புத்தகம் கையில் இருக்கா? எப்பவும் இருக்கும்மா.

"அப்ப ஒரு கேள்வி. திருநின்றவூர், காலைல, மூணாவது வண்டி?"

தாள் புரளும் சத்தம். "ஆறு பதினொண்ணும்மா."

கடைசித் தூணுக்கு வந்துவிட்டார்கள். நீல மப்ளர் சுற்றிய ஓர் ஆள் முதுகைக் காட்டி நின்றான், கையில் எதையோ காதோடு வைத்துக்கொண்டு. ஞானகுமாரி மூன்றடி தூரத்துக்கு நெருங்கி இன்னொரு தடவை பொத்தானை அழுத்தினார்.

ஊளை கிளம்பியது. பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாய் எழுந்து பதில் சொன்னது.

மப்ளர்க்காரன் திரும்பினான். ஞானகுமாரி ஸ்டேஷன் கடிகாரத்தைக் காட்டினார். ஆறு பதினாறு.

"ஆறு பதினொண்ணு வண்டின்னா, போய் அஞ்சு நிமிஷம் ஆச்சே. இன்னும் எதுக்கு நிக்கறீங்க, மணவாளன்?"

மணவாளன் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததாக ஏதோ ஆரம்பித்தான். துலுக்கானம் மிகுந்த மரியாதையோடு அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீசன் டிக்கெட்டை எடுத்துப் படித்தான். திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர். பெயர் மணவாளன். ஒரு மாதத்துச் சீட்டு, அதில் இருபது நாள் தேய்ந்திருந்தது.

"பூந்தமல்லி பஸ்ஸுக்கு இங்கதான் சீட்டு குடுக்கறாங்க போல" என்றான்.

அப்புறம் மணவாளன் ரொம்ப நேரம் மறைக்கவில்லை. மூன்றாவது செட்டும் இல்லை, வேறு ஆளும் இல்லை. செவ்வாய்க்கிழமை முதல் வேனில் வந்தவனும் அவன்தான். எஸ்டேட் திருப்பத்தில் இறங்கிக்கொண்டு, விவரம் தெரியாத கூலியாட்களோடு சாமானை அனுப்பிவிட்டு, மப்ளரைக் கழற்றிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் தனக்காகக் காத்திருந்த வாடகை வேனில் ஏறி, ஐந்து ஐம்பத்தைந்துக்கு இரண்டாம் தடவை வந்தான். முனியனுக்குக் கண்ணாடி இல்லாத நாளாகப் பார்த்துச் செய்தான். செப்பை வைக்க, ஒரு மாதத்துக்கு முன்பே ஏரிப் பக்கம் ஒரு வீடு பிடித்து, யாருக்கும் சொல்லாமல் குடி வந்திருந்தான். ரயிலில் முனியன் கண்ணில் படாமல் தினம் கடைசிப் பெட்டியில் ஏறினான்.

"புத்தகம் உங்க கையில இருந்துதே. அதைப் பார்த்தே சொல்லியிருக்கலாமே" என்றார் ஞானகுமாரி.

"பார்த்தேம்மா. ஆறு பதினொண்ணுன்னுதான் இருந்தது." மணவாளன் மப்ளரை அவிழ்த்தான். "கண்ணாடி இல்லாத மனுஷன், அவர் ஊர் வண்டியைக் கேக்கறாரு. தலைக்குள்ளேருந்துதான் கேக்கறாருன்னு புரிஞ்சுபோச்சு. பதினொண்ணுன்னு சொன்னா அவரு தொறக்கமாட்டாரும்மா."

வண்டி வந்து நின்றது. துலுக்கானம் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு பதினெட்டு. முனியன் முன் பெட்டியில் தடவி ஏறிப் போனார், ஒன்றும் தெரியாமல்.

ஞானகுமாரி சொல்லி வந்த போலீஸ்காரர்கள் ஏரிப் பக்க வீட்டில் படுதாவை விலக்கியபோது, உருளைகள் ஒன்று குறையாமல் இருந்தன. திரும்பும் வழியில் துலுக்கானத்துக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆள்மேல் எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டான்.

"ஆறு பதினெட்டுன்னு நான் படிச்சதும் சம்பத் புத்தகத்தைப் பார்த்தார், நீயும் பார்த்தே. ரெண்டு பேருக்குத்தான் பார்க்கணும்னு தோணலை. ஒருத்தர் செவ்வாய்க்கிழமை கேட்டுல உட்கார்ந்திருந்தவர், அவருக்குக் கண்ணாடி இல்லை. இன்னொருத்தனுக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்தது."

அவர்கள் எஸ்டேட்டுக்கு வந்தபோது மணி எட்டே முக்கால். ஞானகுமாரி செட்டை முனியன் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னார். முனியன் பூராவும் கேட்டார்.

"அப்ப செவ்வாக்கெயம வந்தது மணவாளன்தான்."

"ஆமா நைனா" என்றான் துலுக்கானம்.

"அன்னிக்கே சொன்னேனே" என்றார் முனியன். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார். ரொம்ப நேரம் கழுவினார். வந்து கழுத்துப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சரியாக அப்போது வெளியே சம்பத்தின் கார் ஹாரன் அடித்தது. போலீஸுக்குப் போகிற வழியில் புகாருக்கு ரப்பர் ஸ்டாம்ப் வைக்க வந்திருந்தார். "முனியா, தெற" என்றார்.

முனியன் எழுந்து கேட் இடுக்கில் வாயை வைத்தார். "நோட்டீஸ் கீது சார். நீங்க உள்பட." தொண்டையைச் செருமிக்கொண்டார். "திருநின்றவூர், காலைல, மூணாவது வண்டி?"

வெளியே பையைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு தாள் புரளும் சத்தம். "ஆறு பதினொண்ணு."

"தப்பு சார்."

சம்பத் ஏதேதோ சொன்னார். முனியன் எதற்கும் கோபப்படவில்லை, கேட்டையும் திறக்கவில்லை. ஞானகுமாரிதான் இடுக்கு வழியாக, ஏரி வீடு, படுதா, சீசன் டிக்கெட் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பையில் இருக்கிற அந்தப் புகாரில் ஒரு பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பேனா மூடி கழலுவது கேட்டது. கார் பானெட்டில் பனி இருந்ததால் தாள் நனைந்து எழுத்து ஓடியதாம். புதுப் பெயரைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து இடுக்கு வழியாக நீட்டினார். முனியன் அதைக் கண்ணோடு ஒட்டவைத்து, தம் பெயர்மேல் கோடு விழுந்திருக்கிறதா என்று ஓர் எழுத்து விடாமல் பார்த்தார்.

வெளியே சம்பத் ஒரு தடவை இருமினார்.

"ஆறு பதினெட்டு" என்றார்.

"சரி சார்" என்று முனியன் குறுக்குக் கம்பியைத் தூக்கினார். கேட் திறந்தபோது துலுக்கானம் பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஹாரன் அடித்து ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.